நியோ அட்ஜுவன்ட்: ‘புதிய’ துணையும் இல்லை, ‘தூண்டலும்’ இல்லை

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய் பற்றிய நோயாளர் கையேடு ஒன்றில் மறுபடியும் கண்ணில் பட்டது: ‘புதிய துணை வேதியியல் சிகிச்சை’. இதற்கு முன் ஒப்புதல் படிவம் ஒன்றிலும் பார்த்திருக்கிறேன். நியோ அட்ஜுவன்ட் கீமோதெரபி என்பதற்குத்தான் இந்தத் தமிழ். நான்கு சொற்களில் ‘சிகிச்சை’ ஒன்றை விட்டுவிடலாம். மற்ற மூன்றோடும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில் பொருள். அறுவை சிகிச்சைக்கு முன்னால், கட்டியைச் சுருக்குவதற்காகக் கொடுக்கும் கீமோ நியோ அட்ஜுவன்ட். அறுவைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களை ஒழிக்கக் கொடுப்பது அட்ஜுவன்ட். அட்ஜுவன்ட்டின் வேர் லத்தீன். ‘உதவு’ என்று பொருள். நியோ கிரேக்கம், ‘புது’. அறுவைதான் முதன்மை, மருந்து அதற்கு உதவி என்ற கணக்கில் அட்ஜுவன்ட் என்ற பெயர் முதலில் வந்தது. பின்னால் கொடுத்துவந்த அந்த மருந்தை முன்னால் கொண்டுவந்தபோது, ‘இது புது மாதிரி அட்ஜுவன்ட்’ என்ற பொருளில் நியோ ஒட்டிக்கொண்டது. 1980களில் இந்தப் பெயர் பரவிவிட்டது.

ஆக, அந்தப் ‘புது’ பெயர் வைத்தவர்களுக்குத்தான் புது. அந்தச் சொல்லுக்கே நாற்பது வயது ஆகிவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை எல்லாம் அடங்கும் தலை, கழுத்துப் புற்றுநோயில் இன்றும் அடிக்கடி ஏற்றப்படும் சிஸ்பிளாட்டின் மருந்து, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1978இல். அதைப் போய்ப் ‘புதிய’ என்றால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ஒன்று, ‘நம்மை வைத்துச் சோதனை செய்கிறார்களோ’ என்று பயப்படுவார். அல்லது, ‘புதுசுதானே நல்லது, எனக்கும் அதையே கொடுங்கள்’ என்பார். இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் கவலை. ஏனென்றால், அறுத்து எடுத்துவிடக்கூடிய நிலையில் இருக்கும் வாய்ப்புற்றுக்கு முன்கூட்டியே கீமோ கொடுப்பதால் ஆயுள் கூடுவதாக நிறுவப்படவில்லை. 2013இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் 256 பேரைச் சேர்த்து, ஒரு சாராருக்கு டோசிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஃபுளோரோயுராசில் மூன்றையும் கொடுத்தபின் அறுவை செய்தார்கள். இன்னொரு சாராருக்கு நேரே அறுவை. இரு சாராருக்கும் அறுவைக்குப் பின் கதிர்வீச்சு. உயிர்வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை. கட்டி மிகவும் பரவி, இப்போதைக்கு அறுக்க முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மருந்து கொடுத்துச் சுருக்கிப் பார்ப்பது வேறு கதை. அங்கே சிலருக்கு அறுவைக்கு வழி திறக்கிறது. யாருக்கு, எதற்கு என்பதுதான் விஷயம். ‘புதிய’ என்ற சொல் அந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

நியோநேட்டல் வார்டு என்பதைப் ‘புதிய பிறப்புப் பிரிவு’ என்று யாராவது எழுதுகிறோமா? ‘பச்சிளங்குழந்தைப் பிரிவு’ என்று அழகாகச் சொல்லத் தெரிந்திருக்கிறதே. அங்கே குழந்தையைப் பார்த்து எழுதினார்கள், இங்கே அகராதியைப் பார்த்து எழுதுகிறார்கள்.

அடுத்து ‘துணை’. இதில் தப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வேர்ப்பொருளுக்குப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் துணை நடிகர், துணைப்பாடம் என்று பழகிய காதுக்கு, துணை என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லாத ஒன்று. அறுத்து எடுத்த திசுவின் விளிம்பில் புற்றணு இருந்தாலோ, நிணநீர்க் கணுவின் உறையைத் தாண்டி நோய் வெளியே வந்திருந்தாலோ, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்கு அடிப்படை. இதைத் ‘துணைச் சிகிச்சை’ என்று எழுதிக் கொடுத்தால், ‘ஆபரேஷன் முடிந்துவிட்டது, துணைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒருவர் வீட்டில் இருந்துவிட இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு அது ஒரு சொல். படிப்பவருக்கு அது ஒரு முடிவு.

‘வேதியியல்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேதியியல் பாடத்தின் பெயர். பாடத்தை நரம்பில் ஏற்ற முடியாது. ‘வேதிச்சிகிச்சை’ சரி. ‘கீமோ’ அதைவிடச் சரி என்பேன், தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொண்டாலும். படிவத்தை வாங்கிப் படிக்கிறவருக்குத் தெரிந்த சொல் அதுதான்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. இதே மருத்துவத்துக்கு இண்டக்ஷன் கீமோதெரபி என்றும் பெயர் உண்டு. அதை ஒரு கூட்டம் ‘தூண்டல் வேதிச்சிகிச்சை’ ஆக்கிவிட்டது! பள்ளி இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் படித்த பழக்கம், வேறென்ன. எதைத் தூண்டுகிறது? புற்றுநோயையா? இண்டக்ஷன் என்பதற்கு உள்ளே அழைத்துச் செல்வது, தொடங்கிவைப்பது என்றும் பொருள் உண்டு, இங்கே அதுதான். ‘தொடக்கக் கீமோ’ என்றால் முடிந்தது. தூண்டல் என்று எழுதியவர் அந்த வரியைத் தாமே ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். பக்கக் கணக்கில் கூலி வாங்கி ஓடுகிறவர்கள் வாய்விட்டுப் படிப்பதில்லை. கணினி செய்த மொழிபெயர்ப்பில் சந்திப்பிழை மட்டும் பார்ப்பவர்கள் அதுவும் செய்வதில்லை.

சித்த மருத்துவம் அறிந்தவர்களில் சிலர் அட்ஜுவன்ட்டுக்கு ‘அனுபானம்’ என்ற சொல்லை முன்வைப்பது உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுபானம் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது: தேன், நெய், வெந்நீர். இங்கே மருந்தே உதவியாள், கத்திதான் முதலாளி. அதுவும் ஒரே வேளையில் இல்லை, வாரக்கணக்கில் முன்னும் பின்னும். பழைய சொல் என்பதற்காகப் பொருந்தாத தோளில் சட்டையை மாட்ட வேண்டாம்.

என் பரிந்துரை எளியது: ‘அறுவைமுன் கீமோ’, ‘அறுவைப்பின் கீமோ’. முன்பணம், முன்பதிவு, பின்குறிப்பு எல்லாம் புழங்கும் மொழியில் இதற்கு விளக்கமே வேண்டாம். அறுவை என்றால் ‘கடி’ ஜோக் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். சங்ககாலத்தில் அறுவை என்றால் துணி. அறுவை வாணிகன் துணி வியாபாரி. எந்தப் பொருளில் வருகிறது என்பதை இடம் சொல்லிவிடும்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 1991இல் வெளியான குரல்வளை ஆய்வு ஒன்றில், 332 பேரில் பாதிப் பேருக்கு முதலில் கீமோ கொடுத்து, கட்டி மருந்துக்கு இணங்கிச் சுருங்கினால் அறுக்காமல் கதிர்வீச்சுக்கு அனுப்பினார்கள். கீமோவில் தொடங்கிய அந்தப் பாதிப் பேரில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது, உயிர்வாழ்வும் குறையவில்லை. அறுவையே நடக்காதபோது ‘அறுவைமுன்’ எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. அங்கே ‘தொடக்கக் கீமோ’வே இருக்கட்டும். அகராதிக்காரர்கள் இரண்டுக்கும் பொதுவாக ‘முன்துணை’ என்று பதிந்துகொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. படிவத்தில் மட்டும் அது வேண்டாம்.

மருந்தின் பெயரையும் நேரத்தின் பெயரையும் ஒரே சொல்லுக்குள் திணிக்காமல் விடுவதில் இன்னொரு வசதி. 2025இல் பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்துக்கு, அறுக்கக்கூடிய தலை, கழுத்துப் புற்றுநோயில் அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்க அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இது கீமோ இல்லை, ஆனால் நேரம் அதே நேரம். இதை அவர்கள் பெரிஆபரேட்டிவ் என்கிறார்கள். தமிழில் ‘அறுவைசூழ்’ என்று யாராவது இப்போதே எழுத ஆரம்பித்திருப்பார்கள். ‘அறுவை முன்பின் மருந்து’ என்று எழுதுங்கள். முன்பின் என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல்தான்.