போலீஸ், தீயணைப்பு நிலையம் கட்டப் போகிறார்களா? கலிஃபோர்னியாவில் உங்கள் பேச்சு எப்போது எடுபடும்

தபால் பெட்டியில் ஒரு நாள் பளபளப்பான அட்டை ஒன்று கிடக்கும். போலீஸ் நிலையத்தையும் தீயணைப்பு நிலையத்தையும் ஒரே வளாகத்தில் புதிதாகக் கட்ட சிட்டி யோசித்து வருகிறது, கருத்துச் சொல்ல வாருங்கள் என்று போட்டிருக்கும். நம் ஆட்களில் பலர் அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது என்ற நினைப்புதான். ஆனால் அந்த அட்டைக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. நீங்கள் எந்தக் கட்டத்தில் போய்ப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது கைகொடுக்கும்.

முதலில் பேசும் உரிமை. உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்கள் முன் நடத்தச் சொல்லி 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, சிட்டி கவுன்சிலின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். நிரலில் இல்லாத விஷயத்தில், ஒருசில விதிவிலக்குகள் தவிர, முடிவெடுக்கக் கூடாது. நிரலில் இருக்கும் ஒவ்வொரு விஷயத்தைப் பற்றியும் முடிவுக்கு முன் பொதுமக்களைப் பேச விட வேண்டும். கூட்டத்தில் உட்காரப் பெயர் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. சிட்டியின் கொள்கையை நீங்கள் குறை சொல்கிறீர்கள் என்பதற்காக உங்கள் பேச்சை நிறுத்தவும் முடியாது.

இந்த உரிமை குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல. விசாவில் இருப்பவர், பச்சை அட்டைக்காரர், மகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா, யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கட்டடத்துக்காக சிட்டி வாங்கும் பாண்டு என்ற கடனுக்கு ஓட்டுப் போட முடியாத எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், அந்தப் பாண்டை அடைக்கும் சொத்து வரியைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் வாய் திறக்கக் கிடைக்கும் இடம் அந்த மைக்தான்.

இன்னொரு விதி உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாது. பேசுவோருக்கு நேர வரம்பு வைத்தால், மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி வைத்திருந்தால் மட்டும் விலக்கு.

ஒரு கூட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். எழுபது வயது இருக்கும், ஒரு அம்மா. பக்கத்தில் மகள், ஆங்கிலத்தில் சொல்வதற்கு. அம்மா தமிழில் ஆரம்பித்தார். கழுத்துச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போனதைச் சொல்ல ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். வரவேற்புக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கழுத்தில் கீறல் எங்கே என்று காட்டி, பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்கக் கேட்கச் சொல்ல வேண்டியிருந்ததாம். பாதியில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. மகள் கையிலிருந்த தாளைப் பார்த்து விதியைச் சொன்னாள். கிளார்க் தலையசைத்து, விளக்கை மறுபடி பச்சையாக்கினார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கதவு இருக்கிற ஒரு சின்ன ரூம், உட்கார ரெண்டு நாற்காலி." வரைபடம் இன்னும் பென்சில் கோடாக இருந்த நேரம் அது. ஆர்க்கிடெக்ட் குறித்துக்கொண்டதைப் பார்த்தேன். இதையே கான்கிரீட் போட்ட பிறகு கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த ஆரம்ப நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நிலத்திலிருந்து தொடங்குங்கள். இடம் வாங்க விலை பேசும்போது கவுன்சில் கதவை மூடிக்கொண்டு கூடலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எந்த நிலம், யாரோடு பேச்சு என்பதை முன்பே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நிரலில் 'அசையாச் சொத்துப் பேச்சுவார்த்தை' என்ற பொருளில் ஒரு வரி வரும், கூடவே முகவரியும் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். புதிய நிலையம் எங்கே வரப்போகிறது என்பதற்கு முதல் தடயம் பல நேரங்களில் அந்த வரிதான். கதவை மூடுமுன் அதைப் பற்றியும் நீங்கள் பேசலாம்.

அடுத்தது சுற்றுச்சூழல் ஆய்வு. 1970-ஆம் ஆண்டு வந்த கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டம், சுருக்கமாக சீக்வா. சைரன் சத்தம், போக்குவரத்து, இரவு வெளிச்சம், வெட்டப்படும் மரம் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கவலைப்படுவது ஏறக்குறைய எல்லாமே பொதுவாக இங்கேதான் வரும். திட்டம் பெரிதாக இருந்து முழு அறிக்கை தயாரித்தால், வரைவைப் படித்துக் கருத்து எழுதக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். மாநில அலுவலகத்துக்கும் அனுப்பப்பட்டால் வழக்கமாக 45 நாள். நீங்கள் எழுதும் கருத்துக்கு சிட்டி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பாதிப்பு பெரிதாக இல்லை என்று முடிவு செய்து சின்ன ஆவணத்தோடு முடித்துக்கொண்டால் கெடு 20 நாளாகவும் இருக்கலாம். அதில் உங்கள் கருத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தனித்தனியாகப் பதில் எழுதும் கட்டாயம் இல்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. யாரும் அந்தக் கட்டத்தில் எழுப்பாத குறையை, பிறகு கோர்ட்டில் போய்ப் புதிதாக எழுப்ப முடியாது. அதனால் மைக்கில் பேசினாலும், அதையே ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டுக் கொடுத்துவிடுங்கள். 'சத்தம் அதிகம்' என்று எழுதுவதைவிட, 'என் குழந்தை தூங்கும் அறை ஜன்னல் வண்டி வெளியேறும் வாசலிலிருந்து இத்தனை அடியில் இருக்கிறது, வாசலை மறு தெருப் பக்கம் வைத்துப் பார்த்தீர்களா?' என்று எழுதினால் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. முழு அறிக்கையில் மாற்று வழிகளையும் ஆராய வேண்டும் என்பது சட்டம்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுவது தூரம். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏ வகுத்த 1710 என்ற தரம், முழுநேர ஊழியர்கள் உள்ள தீயணைப்புத் துறையில் தீ அழைப்பு வந்து 80 விநாடியில் ஆட்கள் கிளம்ப வேண்டும், முதல் வண்டி 240 விநாடி ஓட்டத்தில் வந்து சேர வேண்டும் என்கிறது. அது தானாகவே சட்டமாகாது, ஆனால் அளவுகோலாக வைத்துப் பேசலாம். போலீஸ்காரர் பெரும்பாலும் ரோந்தில் தெருவில் இருப்பார். நிலையம் எங்கே இருந்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசமில்லை. தீயணைப்பு வண்டி நிலையத்திலிருந்துதான் கிளம்பும். இரண்டையும் சேர்த்துக் கட்ட வசதியாக ஒரு பெரிய மனை கிடைக்கிறது என்பதற்காக ஊரின் ஓரத்துக்குப் போனால், மறுகோடியில் இருக்கும் வீடுகளுக்கு அந்த நான்கு நிமிடம் எட்டாது. வரைபடத்தில் நான்கு நிமிட வட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், வட்டத்துக்கு வெளியே எத்தனை வீடு என்றும் கேளுங்கள்.

நிலநடுக்கம் அடுத்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் போலீஸ், தீயணைப்பு நிலையங்களை அத்தியாவசியக் கட்டடங்கள் என்று வகைப்படுத்துகிறது. இடிந்து விழாமல் இருந்தால் போதாது, அதிர்ச்சி அடங்கியதும் வேலை நடக்க வேண்டும். செலவு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம், அதைக் குறைக்கச் சொல்லி யாரும் பேசக் கூடாது என்பது என் கருத்து. சான்ஃபிரான்சிஸ்கோ மிஷன் பேயில் 2015-இல் திறந்த பொதுப் பாதுகாப்புக் கட்டடம் நல்ல உதாரணம். போலீஸ் தலைமையகம், ஒரு வட்டாரப் போலீஸ் நிலையம், 4-ஆம் எண் தீயணைப்பு நிலையம் மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

உள்ளே வேலை செய்கிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. தீயணைப்பு வேலையையே 2022-இல் அதே பட்டியலில் சேர்த்தது. வண்டி நிற்கும் கூடத்திலிருந்து தூங்கும் அறைக்கு நேராகக் கதவு வைத்திருக்கிறார்களா, கரி படிந்த உடுப்பைத் துவைக்கத் தனி இடம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், பின்வரிசையில் சீருடையில் நிற்பவர்கள் முகத்தைப் பாருங்கள்.

கடைசியாகப் பணம். சான்ஃபிரான்சிஸ்கோ கட்டடத்துக்கு 2010-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த 41.23 கோடி டாலர் பாண்டிலிருந்து பணம் வந்தது. அதில் மற்ற தீயணைப்பு வேலைகளும் அடக்கம். சொத்து வரியில் அடைக்கும் இந்த மாதிரி சிட்டிப் பாண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதை 55 சதவீதமாகக் குறைக்க 2024 நவம்பரில் மாநில வாக்காளர்கள் முன் வந்த முன்மொழிவு 5 (Proposition 5) தோற்றுப்போனது. அதனால்தான் சிட்டிக்கு உங்கள் தயவு தேவைப்படுகிறது. ஓட்டுக்கு முந்தைய மாதங்களில் நீங்கள் கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் கவனம், ஓட்டு முடிந்த மறுவாரம் கிடைக்காது. பாண்டுத் தீர்மானம் கவுன்சிலுக்கு வரும் தேதியை சிட்டி கிளார்க்கிடம் கேளுங்கள். கவுன்சில் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் ஆவணங்கள் பெரும்பாலும் உங்களுக்கும் கிடைக்க வேண்டியவைதான். நிரலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிப் பெயரைச் சேர்த்துவிட்டால், 72 மணி நேரக் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.