பெயின்ட் ஷெட்டுக்கு 'பொல்யூஷன்' இசைவு: துகளுக்கு ஒரு வழி, ஆவிக்கு ஒரு வழி

மார்த்தாண்டம் பக்கம் ஒரு டிங்கரிங் ஷெட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி காகித வேலைதான் எனக்குப் பிழைப்பு. பக்கத்து வீட்டு அக்கா ஒரு ரப்பர் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். முற்றத்துக் கொடியில் காயப்போட்ட ஷீட். ஒரு பக்கம் முழுக்கக் கடுகளவுக்கும் சிறிதாக வெள்ளிப் புள்ளிகள்.

"அண்ணா, இது உங்க பெயின்டாக்கும். கடையில திருப்பிப் பாத்துட்டு கிரேடைக் கொறச்சுட்டாவ."

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கோமே அக்கா."

"அந்த ஃபேன்தானே எங்க முற்றத்தைப் பாத்து ஊதுது!"

இதற்குமேல் ஷெட்காரரால் ஒன்றும் பேச முடியவில்லை. எனக்கும் சங்கடம். நான் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்தில் 'மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி' என்ற இடத்தில் அவர் எழுதச் சொல்லியிருந்தது 'எக்ஸாஸ்ட் ஃபேன், 1' என்றுதான்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று எங்கே போனாலும் பெரும்பாலான ஷெட்களில் இதே குழப்பம்தான். சட்டம் என்ன கேட்கிறது என்பதைப் பார்க்குமுன் பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னிலிருந்து என்ன வெளியே வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

கன்னிலிருந்து வருவது இரண்டு

முதலாவது துகள். விசையை அழுத்தியதும் பெயின்ட் பொடித்துளியாகச் சிதறுகிறது. ஒரு பங்கு கதவிலும் பானட்டிலும் ஒட்டும், மிச்சம் பறக்கும். அதைத்தான் ஓவர் ஸ்ப்ரே என்கிறோம். அக்காவின் ஷீட்டில் விழுந்தது இதுதான். பழைய ரக ஹை பிரஷர் கன்னில் பாதிக்கும் குறைவாகத்தான் பொருளில் ஒட்டும். 100 மில்லி அடித்தால் 30, 40 மில்லி தேறினாலே பெரிது. எச்.வி.எல்.பி. என்று விற்கிற கன்னில் காற்று அதிகமாகவும் அழுத்தம் குறைவாகவும் வரும். மூக்கு முனையில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாது. அதில் 65 மில்லி வரை ஒட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறப்பது ஏறக்குறைய பாதியாகிவிடும், பெயின்ட் செலவும் கையோடு குறையும். கன் விலையைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இரண்டாவது ஆவி. ஒரு லிட்டர் பெயின்டில் அரை லிட்டர் தின்னர் ஊற்றுகிறீர்கள். வண்டி காய்ந்து முடிந்தபின் அந்த அரை லிட்டர் எங்கே? முழுக்கக் காற்றில். டப்பாவில் ஏற்கெனவே இருந்த கரைப்பானும் அதோடு போய்விட்டது. டொலுவீன், சைலீன், அசிட்டேட் வகைகள் எல்லாம் அதில் அடக்கம். இவை வெறும் வாடையோடு நிற்பதில்லை. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடோடு வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்குகின்றன. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள் இருக்கின்றன. பென்சீன் உண்டு, ஓசோன் உண்டு. டொலுவீனும் சைலீனும் இல்லை. 'என் தின்னர் பட்டியலில் இல்லையே' என்று வாதாடுகிறவர்கள் ஓசோன் அங்கே இருப்பதைக் கவனிப்பதில்லை.

பெயின்ட் அடிக்கும் அடைப்பறையான பூத்தில் மாட்டுகிற பஞ்சு ஃபில்டர், கண்ணாடி நார் ஃபில்டர் எல்லாம் துகளை மட்டுமே பிடிக்கும். தின்னர் ஆவி அதற்குள் தாராளமாக நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். ஆவியைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரி வேண்டும், அல்லது ஆவியே குறைவாக வரும் பெயின்டுக்கு மாற வேண்டும். 'ஃபில்டர் போட்டாச்சு, இன்னும் நாறுதே' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

விமானத்துக்கு எழுதிய விதி

நம் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது. பறக்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் பெயின்ட் வேலைக்கான மாசு விதியில் நான் படித்ததிலேயே தெளிவானது விமானத்துக்கு எழுதியதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995ல் கொண்டுவந்தது. அது துகளையும் ஆவியையும் தனித்தனியாகப் பிரித்துக் கையாள்கிறது.

விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியம். அரிப்பு வராமலிருக்க ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் கலந்த பிரைமர் அடிப்பது வழக்கம். அதிலுள்ள ஆறிணைய குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். ஆகவே துகள் வெளியே போகாதபடி உலர் ஃபில்டரோ நீர்த்திரையோ கட்டாயம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானியைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். முள் வரம்பு தாண்டினால் கன்னைக் கீழே வைக்க வேண்டும். ஆவிக்கு வேறு கணக்கு: நீர் நீக்கிப் பார்க்கையில் பிரைமர் ஒரு லிட்டருக்கு 350 கிராம், மேல் பூச்சு ஒரு லிட்டருக்கு 420 கிராம் கரைப்பானுக்கு மேல் இருக்கக் கூடாது. சிறு ரக விமானங்களைப் பழுது பார்க்கும் இடங்களுக்கு 540 கிராம் வரை விலக்கு. இந்த அளவுக்குள் பெயின்ட் கிடைக்காவிட்டால் ஆவியில் 81 சதவீதத்தையாவது பிடித்து அழிக்கும் கருவி வைத்தாக வேண்டும். துடைத்த துணியை மூடிய பையிலோ டப்பாவிலோ போட வேண்டும் என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள்.

கார் பெயின்ட் ஷெட்களுக்கு அதே முகமை 2008ல் தனி விதி போட்டது. பூத்துக்கு முழுக் கூரையும் சுவர்களும் வேண்டும், ஃபில்டர் 98 சதவீதத் துகளைப் பிடிக்க வேண்டும், கன் எச்.வி.எல்.பி. அல்லது அதற்கு இணையானதாக இருக்க வேண்டும், பெயின்டர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி எடுக்க வேண்டும். கன்னைக் கழுவும்போது தின்னரைக் காற்றில் பீய்ச்சக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நம் ஷெட்களில் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பார்க்கலாம்: வேலை முடிந்ததும் கன்னில் தின்னரை ஊற்றி, வாசலைப் பார்த்து 'புஸ்' என்று ஒரு அடி.

அமெரிக்க விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் தர்க்கம் புரிந்தால், இங்கே அதிகாரி ஆய்வுக்கு வந்து 'பூத் எங்கே, ஃபில்டர் எங்கே, குழாய் கூரைக்கு மேலே போகிறதா' என்று ஏன் வரிசையாகக் கேட்கிறார் என்பதும் புரியும்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது

அடிப்படை, 1981ஆம் ஆண்டின் காற்று (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம். 21ஆம் பிரிவின்படி வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் தொழிற்கூடத்தை நிறுவவோ இயக்கவோ கூடாது. ஆக, இசைவு இரண்டு கட்டம். கட்டுமானத்துக்கு முன் 'நிறுவுவதற்கான இசைவு'. கட்டி முடித்து, கருவிகளைப் பொருத்தி, கன்னைக் கையில் எடுக்குமுன் 'இயக்குவதற்கான இசைவு'. ஈர எமரித் தாள் தேய்த்த தண்ணீர், வண்டி கழுவிய தண்ணீர் வெளியேறினால் 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படியும் இசைவு வேண்டும். விண்ணப்பம் போடும்போது இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாம்.

'பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கா?' என்று கேட்டால் வண்டிப் புகைப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டுகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வண்டிக்கு உரியது. ஷெட்டுக்கு வேண்டியது வாரியத்தின் இசைவாணை.

தொழில்களை மாசு அளவுப்படி சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016ஆம் ஆண்டுப் பட்டியலில் வாகனப் பழுது, சர்வீஸ், பெயின்டிங் எல்லாம் ஆரஞ்சில் வந்தன. 2025ல் வகைப்பாட்டு முறையைத் திருத்தி நீலம் என்ற வகையையும் சேர்த்தார்கள். ஆகவே பழைய விண்ணப்பத்தைப் பார்த்து நகலெடுக்காமல், விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் தொழில் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பம் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளம் வழியாகத்தான். நம் மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. இடத்தின் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், நிலப் பயன்பாட்டுச் சான்று, ஷெட்டின் வரைபடம், இயந்திரப் பட்டியல், மாதம் எத்தனை லிட்டர் பெயின்ட், எத்தனை லிட்டர் தின்னர் என்ற விவரம், நிலையான சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று ஆகியவை வேண்டும். கட்டணம் அந்தச் சொத்து மதிப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் இழுத்தடிப்பது நிலப் பயன்பாட்டுச் சான்றுதான். குடியிருப்பு என்று வகைப்படுத்திய இடத்தில் அட்வான்ஸ் கொடுத்து, ஷெட்டும் போட்டுவிட்டு, பிறகு என்னிடம் வருகிறார்கள். அந்த நிலையில் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இடத்தைப் பிடிக்குமுன் அந்தச் சான்றைக் கேளுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதன் புகைக்குழாய்க்கும் கணக்கு உண்டு: கட்டடத்தின் உயரத்தோடு ஜெனரேட்டர் திறனான கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தில் 0.2 பங்கைக் கூட்ட வேண்டும். 6 மீட்டர் உயர ஷெட்டில் 25 கே.வி.ஏ. என்றால், 25ன் வர்க்கமூலம் 5, அதில் 0.2 பங்கு 1 மீட்டர். ஆக 7 மீட்டர் குழாய்.

சட்டப்படி வாரியம் 4 மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். இசைவில்லாமல் ஓட்டினாலோ நிபந்தனையை மீறினாலோ 31ஏ பிரிவின்படி ஷெட்டை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்த திருத்தத்தால், 2024 ஏப்ரல் 1 முதல் பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாகியிருக்கிறது. சிறை போனதே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சின்ன ஷெட்டுக்கு 10,000 ரூபாயைவிட கரண்ட் கட்தான் பெரிய அடி.

காலி டப்பா, தின்னர் நனைந்த துணி, ஃபில்டரில் படிந்த கசடு ஆகியவை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் வருகின்றன. அவற்றுக்கு வாரியத்தின் தனி அங்கீகாரம் வேண்டும், 90 நாளுக்கு மேல் ஷெட்டில் குவித்துவைக்கக் கூடாது. ஆக்கர்கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) டப்பாவைப் போடுவதும், துணியைப் பின்வாசலில் கொளுத்துவதும், எமரித் தண்ணீரைப் பழையாற்றில் சேரும் ஓடையில் திறந்துவிடுவதும் நடக்கத்தான் செய்கிறது. மூன்றும் தவறு.

ஈயம் பற்றியும் கேட்கிறார்கள். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற 2016ஆம் ஆண்டு விதி வீட்டு, அலங்காரப் பெயின்டுக்கு மட்டும்தான். வண்டிக்கும் படகுக்கும் அடிக்கும் தொழிற்சாலை ரகம் அதில் வராது. ஆகவே கடைக்காரர் 'ஈயம் இல்லாதது' என்று சொன்னாலும் டப்பாவின் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். குரோமேட் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். பெயின்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளின் முதல் தொகுதியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டில், அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். மூக்கில் கட்டின துவர்த்து (துண்டு) இதைத் தடுக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்

அக்காவுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று எழுதி, புள்ளி விழுந்த ஷீட்டின் படத்தையும் வைத்தால் வலுவான புகார். பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் வருவாய்க் கோட்டாட்சியரிடமும் போகலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று நமக்கு இரண்டு கோட்டங்கள். அதற்கும் மேலே சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஆனால் அந்த அக்கா எங்கும் போகவில்லை. ஷெட்காரர் ஃபேனைக் கழற்றி, மூன்று பக்கம் சுவர் எழுப்பி, ஃபில்டர் வைத்த பூத்தும் கூரைக்கு மேல் குழாயும் போடும்வரை, பெயின்ட் அடிக்கும் நாளில் முன்கூட்டியே ஆளனுப்பிச் சொல்வது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

படகு வேலை

கடற்கரையில் கதை வேறு. மீன்பிடித் தடை நம் மாவட்டத்தில் இரண்டு காலமாக வருகிறது. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. போட்டைக் கரையேற்றிச் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் அந்த நாட்களில்தான். திறந்த வெளி, கடற்காற்று, பக்கத்திலேயே வீடுகள். அங்கே கன்னை விட்டுவிட்டு பிரஷ்ஷும் ரோலரும் எடுப்பதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். பறக்கும் துகள் ஏறக்குறைய இல்லாமலாகிவிடும். தின்னர் டப்பாவை மூடிவைத்தால் ஆவியும் குறையும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததை அள்ளிக் கட்டுங்கள். மணலில் விட்டுவிட்டால் அலை கொண்டுபோய்விடும்.

நிரந்தர ஷெட் போட்டு ஃபைபர் வள்ளம் கட்டுபவர்களும் அதற்கு ஸ்ப்ரே அடிப்பவர்களும் இசைவு பற்றி அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். ஜூன் 1ல் குளச்சலில் வேலை தொடங்க வேண்டுமென்றால், அந்த 4 மாதக் கணக்குப்படி ஜனவரி கடைசிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மே மாதம் பாதியில் என்னைக் கூப்பிட்டு 'மக்கா, ஒரு வாரத்துல முடிச்சுத் தரணும்' என்றால் நான் எங்கே போவேன்?