வெதுப்புதல்: ‘பேக்கிங்’ என்னும் சொல்லுக்குரிய தமிழ்

நண்பர் ஒருவருக்கு வாழைப்பழக் கேக் செய்முறையை எழுதிக் கொடுத்தபோது, ‘கலவையை அச்சில் ஊற்றி 40 நிமிடம் வேகவைக்கவும்’ என்று எழுதியிருந்தேன். அவர் எழுதியபடியே செய்தார். அடிப் பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, அதன்மேல் அச்சை வைத்து மூடி, 40 நிமிடம் ஆவியில் வைத்திருந்தார். மேற்புறம் வெளிறி, தொட்டால் ஒட்டும் ஈரத்துடன் ஏதோ ஒரு களி போல அது வந்து சேர்ந்தது. பிழை அவருடையது அன்று, என்னுடைய சொல்லினுடையது. வேகவைத்தல் என்றதும் தமிழ் படிப்பவருக்கு நினைவில் எழுவது பெரும்பாலும் நீரும் நீராவியும்தான். நான் சொல்ல நினைத்ததோ நீரே இல்லாத ஒரு வேலையை.

‘பேக்’ என்னும் ஆங்கில வினை, பழைய ஆங்கிலத்தில் ‘பாகன்’ என்று வழங்கிய சொல்லின் வழிவந்தது. டச்சு மொழியின் ‘பாக்கன்’, ஜெர்மன் மொழியின் ‘பாக்கன்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். வறுத்தலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் ஒன்றையும் இக்குடும்பத்தோடு இணைக்கும் மொழியறிஞர்கள், இவை யாவற்றுக்கும் அடியில் ‘வெப்பமூட்டு’ என்னும் பொருளுடைய வேர் ஒன்று இருப்பதாகக் கொள்கின்றனர். அதாவது, அச்சொல்லின் அடிப்பொருள் கொதிக்கவைப்பதும் அன்று, நெருப்பில் நேராக வாட்டுவதும் அன்று, வெப்பத்தைச் செலுத்துவது. தமிழில் ஒரு சொல்லைத் தேடும்போது இந்த அடிப்பொருளை மறக்கலாகாது.

சொல்லைத் தேடும் முன், அடுப்புக்குள் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவது நல்லது. கேக்குக்கு 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிய ஒரு மூடிய அறைக்குள் மாவுக் கலவை வைக்கப்படுகிறது. சூடான காற்றும், சுவர்களிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சும், அச்சின் உலோகமும் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒருசேர அதைச் சூடாக்குகின்றன. கலவைக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் விரிகின்றன. சோடாவோ ஈஸ்டோ உண்டாக்கிய கரியமில வாயு அவற்றைப் பெரிதாக்குகிறது. வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிய பின் கோதுமையின் மாப்பொருள் நீரை உறிஞ்சி உப்ப, முட்டையின் புரதம் இறுக, உப்பிய வடிவம் அப்படியே நிலைபெறுகிறது. சர்க்கரை மிகுந்த கலவையில் இந்த இறுக்கம் இன்னும் உயர்ந்த வெப்பத்திலேயே நிகழும். இனிப்புக் கேக் மெத்தென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுற்றியுள்ள காற்று 180 டிகிரியில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை கேக்கின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஈரம் வற்றிய மேற்பரப்பு மட்டுமே 140 டிகிரிக்கு மேல் ஏறிப் பொன்னிறம் கொள்கிறது. வீடெங்கும் பரவும் அந்த மணம் அப்பரப்பில்தான் பிறக்கிறது. என் நண்பரின் கேக் வெளிறிக் கிடந்ததற்கும் இதுவே காரணம்: நீராவி சூழ்ந்த இடத்தில் மேற்பரப்பு காய வழியில்லை.

ஆக, நமக்கு வேண்டியது நீரின்றி, சூழ்ந்து நிற்கும் வெப்பத்தால் பதமாக்குவதைக் குறிக்கும் வினை. தமிழ் இத்துறையில் வளம் மிக்கது. அவித்தல், வறுத்தல், பொரித்தல், வதக்குதல், வாட்டுதல், சுடுதல், தாளித்தல் என ஒவ்வொரு முறைக்கும் தனிச்சொல் உண்டு. ஒன்றன் இடத்தில் இன்னொன்றை வைத்தால் சமைப்பவர் உடனே கண்டுகொள்வார். அந்த வரிசையில் பொருந்தி அமரும் சொல் ‘வெதுப்புதல்’. வெதும்பு என்பது தன்வினை, வெதுப்பு என்பது பிறவினை. திரும்பு, திருப்பு என்றும் நிரம்பு, நிரப்பு என்றும் வரும் இணைகளைப் போன்றது இது. வெயிலில் இலை வெதும்புகிறது. துயரத்தில் மனம் வெதும்புகிறது. இளஞ்சூடான நீரை வெதுவெதுப்பான நீர் என்கிறோம். வெப்பம், வெம்மை, வெயில், வெந்நீர் என நாம் நாள்தோறும் ஆளும் சொற்கள் இதன் சுற்றத்தார். வெதுப்புதல் என்றால் அளவான சூட்டைச் செலுத்துதல், சூட்டால் ஈரத்தை வற்றச் செய்தல். ‘பேக்’ என்பதன் வேரில் இருக்கும் அதே வெப்பமூட்டும் பொருள் இதிலும் இருக்கிறது. ஒரு மொழியைப் பார்த்து மற்றொன்று செய்துகொண்ட ஒப்புமை அன்று என்பதால் எனக்கு இது பெருமகிழ்ச்சி தருகிறது.

இதிலிருந்து பிறந்த ‘வெதுப்பகம்’ என்னும் சொல், பேக்கரியைக் குறிக்க இலங்கைத் தமிழில் இயல்பாக வழங்குகிறது. இன்னொரு சாரார் ‘அடுமனை’ என்று எழுதுகின்றனர். அழகான, பழைய சொல்தான். ஆனால் அதன் பொருள் விரிந்தது. அடுதல் என்றால் எவ்வகையிலும் சமைத்தல். ‘அட்டாலும் பால் சுவையில் குன்றாது’ என்னும் மூதுரை அடியில் பாலைக் காய்ச்சுவதற்கு அந்த வினையே வருகிறது. அடுப்பும் அடிசிலும் அதே வேரிலிருந்து வந்தவை. எனவே அடுமனை என்பது உண்மையில் சமையல் செய்யும் எந்த இடத்துக்கும் உரிய பெயர். வெதுப்பகத்தை அப்பெயரால் அழைப்பதில் தவறில்லை. ஆனால் நுட்பம் குறைகிறது.

சுடுதல் பற்றியும் ஒரு சொல். ‘கேக் சுட்டேன்’ என்று பேச்சில் சொல்வது இயல்பானது, அதைத் திருத்த வேண்டிய தேவையும் இல்லை. எனினும் சுடுதல், கல்லிலோ நெருப்பிலோ நேராகப் பட்டு ஒரு பக்கம் வெந்த பின் மறுபக்கம் திருப்பிப் போடும் வேலையையே முதன்மையாகக் குறிக்கிறது. காலை உணவாகச் செய்யும் பான்கேக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பெயரில் கேக் இருந்தாலும் அது வெதுப்பப்படுவதில்லை, கல்லில் வார்த்துச் சுடப்படுகிறது. அதே மாவைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி மூடிய அடுப்பில் வைத்தால், அப்போது அது வெதுப்புதல். செய்முறை எழுதுபவர் இந்த இரண்டையும் பிரித்து எழுதினால், படிப்பவர் எந்தப் பாத்திரத்தை எடுப்பது என்று தடுமாற வேண்டியதில்லை.

அந்த அடுப்பின் பெயரும் எழுத்தில் ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. ‘அவன்’ என்று எழுதினால் அது சுட்டுப்பெயராகிவிடுகிறது. ‘அவனில் வைக்கவும்’ என்னும் தொடரில் படிப்பவர் ஒரு கணம் நின்றுவிடுகிறார். ‘ஓவன்’ என்று எழுதுவது அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். தமிழிலேயே சொல்ல விரும்பினால் ‘வெதுப்படுப்பு’ என்று சொல்லலாம். கேட்டவுடன் பொருள் விளங்கும். ‘போறணை’ என்னும் சொல்லும் இலங்கைத் தமிழில் உண்டு. அது அடுப்பைக் குறிக்கும் ‘ஃபோர்னு’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது.

இப்பலகாரங்களைச் செய்பவருக்கு நம்மிடம் பெயர் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் சிலப்பதிகாரமும் ‘கூவியர்’ என்று ஒரு தொழிலாளரைக் குறிப்பிடுகின்றன. அப்பம் செய்து விற்போர் என்று அதற்குப் பொருள் கொள்வர். அவர்களிடம் மூடிய அடுப்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. மாவும் இனிப்பும் கொண்டு பலகாரம் செய்து பிறருக்குத் தருவதைத் தொழிலாகக் கொண்டவரைக் குறிக்க ஒரே சொல்லில் அமைந்த பெயர் நம்மிடம் இருக்கிறது என்பதே என் கருத்து.

பொருள்களின் பெயர்களில் நான் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. கேக் என்பது ‘காக்கா’ என்னும் பழைய நோர்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொல். குக்கீ என்பது ‘சிறு கேக்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல். ஆங்கிலமே இவற்றைக் கடன் வாங்கியிருக்கும்போது நாமும் வாங்குவதில் குறையில்லை. பிஸ்கட் மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது. இலத்தீனில் ‘பிஸ்’ என்றால் இருமுறை, ‘கொக்துஸ்’ என்றால் சமைக்கப்பட்டது. நெடுநாள் கெடாமல் இருக்க, ஒருமுறை வெதுப்பியதை மீண்டும் வெதுப்பி உலர்த்தியதால் வந்த பெயர் அது. இதைத் தமிழில் ‘ஈரட்டி’ என்று ஆக்கியிருக்கிறார்கள்: ஈர் என்பது இரண்டு, அட்டி என்பது அடுதலிலிருந்து வந்தது. திறமான ஆக்கம். ஆயினும் இன்றைய பிஸ்கட்டுகளில் பெரும்பாலானவை ஒருமுறையே வெதுப்பப்படுவதால், அப்பெயர் ரஸ்க்குக்கே இன்னும் நன்றாகப் பொருந்தும். மக்கள் தாமே வைத்த பெயர் ஒன்றும் உண்டு: பேக்கிங் சோடாவை அவர்கள் ஆப்பச்சோடா என்றனர். எதற்குப் பயன்படுகிறதோ அதையே பெயராக்கும் இவ்வழி எனக்கு மிகவும் பிடித்தது. பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் சோடாவுடன் அமிலப் பொருளும் கலந்திருக்கும். சோடாவுக்கோ தயிர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு ஒன்று கலவையில் இருந்தாக வேண்டும்.

பகிர்தலோடு இச்சொற்களுக்கு உள்ள உறவையும் சொல்லியாக வேண்டும். இலத்தீனில் ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. அது போர்த்துக்கீசிய மொழி வழியாக இலங்கைத் தமிழில் ‘பாண்’ ஆயிற்று. அதே சொல்லிலிருந்து, ஒரே ரொட்டியைச் சேர்ந்து உண்போர் என்னும் பொருளில் பிறந்த சொல்லின் வழியாகத்தான் ‘கம்பெனி’யும் வந்தது. பகுத்து உண்ணும் உணவுக்குத் திருக்குறள் வைத்திருக்கும் பெயர் ‘பாத்தூண்’.

பகிர்வதற்குச் செய்பவர் ஒருமுறைக்கு மேல் அடுப்பை நிரப்ப வேண்டியிருக்கும். அப்படி ஒருமுறை வைப்பதை ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ என்பர். அதுவும் ‘பேக்’ என்பதன் வேரிலேயே பிறந்தது. ஆவியில் அவிக்கும்போது நாம் ஒருமுறை வைக்கும் அளவை ‘ஈடு’ என்கிறோம், இடுதலிலிருந்து வந்த சொல். அதை வெதுப்படுப்புக்கும் தயங்காமல் ஆளலாம். நண்பருக்குத் தந்த செய்முறையை இப்போது இப்படித் திருத்தி எழுதியிருக்கிறேன்: ‘ஓவனை 175 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கி, கலவையை ஊற்றிய அச்சை நடுத்தட்டில் வைத்து, நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வரும்வரை வெதுப்பவும், முதல் ஈடு ஆறும்போதே இரண்டாம் ஈட்டை வைத்துவிடலாம்.’