தடை செய்யும் முன் பதிவைப் பாருங்கள்: சிறு மைன்கிராஃப்ட் சர்வர்களுக்கான நடத்தை விதிகள்

அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம். இந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இருபுறமும் உள்ள பிள்ளைகள் சேர்ந்து, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குச் சர்வர் நடத்துவது இப்போது சாதாரணமாகிவிட்டது. இருபது பேர் இருப்பார்கள். பங்கு போட்டு வாடகைக்கு எடுத்த ஒரு சர்வர், பேசிக்கொள்ள ஒரு டிஸ்கார்ட் குழு. விளையாடுபவர்களில் பாதிப்பேர் ஒரே பள்ளி, ஒரே டியூஷன், ஒரே பஸ். முகம் தெரியாத ஆயிரம் பேர் வந்து போகும் பெரிய சர்வரில் ஒருவரைத் தடை செய்தால் அதோடு கதை முடிந்தது. இங்கே முடியாது. ராத்திரி சர்வரில் நடந்தது காலையில் பஸ் ஸ்டாப்பில் தொடரும். அநியாயமாக வெளியேற்றப்பட்டவன் மறுநாளும் உங்கள் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான்.

இத்தகைய சர்வர்களின் பராமரிப்பையும் மாடரேஷனையும் (ஒழுங்கு பார்க்கும் வேலை) பார்ப்பவர்கள் என்ற முறையில், எங்கும் எங்கள் கண்ணில் படுவது ஒரே மாதிரியான விதிப் பட்டியல்தான். மரியாதையாகப் பேசு, ஏமாற்றாதே, அட்மின் சொல்வதே இறுதி. இதில் மூன்றாவது வரி முதல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ஒவ்வொரு விதியையும் எழுதும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஒருவர் மீறினால் அது எங்கே தெரியும்? எந்தப் பதிவிலும் தெரியாத ஒன்றை விதியாக்கினால், அது அட்மினின் சந்தேகத்துக்குக் கொடுத்த அதிகாரமாகிவிடும்.

வாசலிலிருந்து தொடங்குவோம். சர்வரின் அமைப்புகள் இருக்கும் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் 'ஆன்லைன் மோட்' என்ற வரி ட்ரூ என்று இருக்கிறதா பாருங்கள். காசு கொடுத்து வாங்காத லாஞ்சரில் (விளையாட்டைத் திறக்கும் செயலி) வரும் நண்பர்களுக்காகப் பலர் இதை ஃபால்ஸ் ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் நுழையலாம். அட்மினின் பெயரைப் போட்டு நுழைந்தால் அட்மினின் அதிகாரமும் கிடைத்துவிடும். வேறு ஒருவனின் பெயரில் வந்து வீட்டைக் கொளுத்தினால் பதிவில் நிற்பது அந்த அப்பாவியின் பெயர். தடை செய்யப்பட்டவனோ பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு புது ஆளாக வந்துவிடுவான். ஆன்லைன் மோடில் தடை கணக்கின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடியோடு ஒட்டிக்கொள்வதால் பெயர் மாற்றிப் பயனில்லை. ஃபால்ஸ் ஆக வைத்தே தீர வேண்டுமென்றால், ஆத்மீ போன்ற, கடவுச்சொல் கேட்கும் பிளக்இன் (சர்வரில் சேர்க்கும் துணை மென்பொருள்) இல்லாமல் சர்வரைத் திறக்கவே வேண்டாம். போனில் பெட்ராக் பதிப்பு விளையாடுபவர்களுக்காக இதை ஃபால்ஸ் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. கெய்சர், ஃப்ளட்கேட் என்ற இரண்டு பிளக்இன்களையும் போட்டால் அவர்கள் தங்கள் எக்ஸ்பாக்ஸ் கணக்கிலேயே உள்ளே வரலாம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். வொயிட்லிஸ்டையும் (அனுமதித்த பெயர்களின் பட்டியல்) போட்டுவிடுங்கள். தெரிந்தவர்கள் மட்டும் வரும் சர்வரில் பாதிப் பிரச்சினை வாசலிலேயே நின்றுவிடும்.

அடுத்தது கிரீஃபிங், அதாவது பிறர் கட்டியதை நாசமாக்குவதும் பிறர் பொருளை எடுப்பதும். 'கிரீஃபிங் கூடாது' என்று மட்டும் எழுதினால் யாரும் தன்னைக் கிரீஃபர் என்று நினைக்க மாட்டார்கள். பக்கத்து வயலில் கோதுமையைப் பறித்தவன் 'திரும்ப நட்டுட்டேனே' என்பான். கைவிட்ட வீடென்று நினைத்து ஒருவன் செஸ்டை (பொருள் வைக்கும் பெட்டி) திறந்திருப்பான். ஆகவே அளவோடு எழுதுங்கள். இன்னொருவரின் கட்டடத்திலிருந்து 50 பிளாக்குக்குள் (ஒரு பிளாக் என்பது ஒரு கட்டை) கேட்காமல் தோண்டவோ கட்டவோ கூடாது. பறித்த பயிரைத் திரும்ப நட வேண்டும். 45 நாள் உள்ளே வராதவரின் இடத்தை, டிஸ்கார்டில் அறிவித்து ஒரு வாரம் காத்திருந்த பிறகே மற்றவர் எடுக்கலாம். 45 என்று நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் ஓணம் விடுமுறை வரும் நாள்களை ஒட்டியோ சற்றுப் பின்னரோதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு வரும். ஒரு பக்கத்தார் விடிய விடிய விளையாடும்போது மறுபக்கத்தாரின் போன் அம்மாவின் பீரோவில் இருக்கும். பதினைந்து நாள் கெடு வைத்தால் படிக்கப் போனவனின் வீடு பறிபோகும்.

கிரீஃபிங்கை நிரூபிக்க, யார் எதை உடைத்தார், எடுத்தார் என்று பதியும் கோர்புரொடெக்ட் பிளக்இன் போதும். ஆனால் முதல் நாளே போட்டிருக்க வேண்டும். போடுவதற்கு முன் நடந்தது எதுவும் அதில் இருக்காது. ஒரு வீடு இடிந்து கிடக்கிறது, செஸ்ட் காலி என்று வைத்துக்கொள்வோம். யாரும் எதையும் சரிசெய்ய வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். இன்ஸ்பெக்ட் நிலையைப் போட்டுக்கொண்டு செஸ்டை வலது கிளிக் செய்தால் யார், எப்போது, எதை எடுத்தார்கள் என்று வரும். சுவர் இருந்த வெற்றிடத்தில் ஒரு பிளாக் வைத்துப் பார்த்தால் அங்கே முன்பு இருந்ததை உடைத்தவர் பெயர் வரும். எரிந்த வீடாக இருந்தால் அந்த இடத்தில் ஆள் பெயருக்குப் பதிலாக 'ஃபயர்' என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு 'தானா எரிஞ்சிருக்கு' என்று கோப்பை மூடிவிடாதீர்கள். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் அக்கம்பக்கத்தில் யார் லாவா வாளியைக் கவிழ்த்தார், யார் பற்றவைத்தார் என்று அந்தப் பிளக்இனின் லுக்அப் கட்டளையில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பெயர் இருக்கும்.

ஆளும் நேரமும் தெரிந்தபின் ரோல்பேக், அதாவது நடந்த மாற்றத்தை அதே பிளக்இன் மூலம் பழைய நிலைக்குத் திருப்புவது. இதில்தான் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆள் பெயர், நேரம், ஆரம் மூன்றையும் கொடுக்க வேண்டும்: இன்னார், கடந்த 2 மணி நேரம், 20 பிளாக் ஆரம் என்று. பெயரை விட்டுவிட்டால் அந்த வட்டத்துக்குள் அந்நேரத்தில் எல்லாரும் செய்த வேலையும் திரும்பிவிடும். வீட்டுக்காரரே அன்று கட்டிய மாடியும் போகும். அதனால் முதலில் பிரிவியூ பார்த்துவிட்டுப் பிறகு உறுதி செய்யுங்கள். இன்னொன்று, செஸ்டுக்குப் பொருள் திரும்பி வருவதால் திருடியவர் பையில் இருப்பது தானாகப் போய்விடாது. அதைக் கையால் எடுக்காவிட்டால் சர்வரில் வைரம் இரட்டிப்பாகும், திருட்டு லாபமாகிவிடும்.

எக்ஸ்ரே (பாறைக்குள் இருப்பதைக் காட்டும் ஏமாற்று) வைத்து வைரம் தோண்டுகிறான் என்ற புகார் வாரத்துக்கு ஒன்று வரும். பேப்பர் என்ற சர்வர் மென்பொருளில் ஆன்டி-எக்ஸ்ரே அமைப்பை இயக்கினாலே இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் அவன் வெட்டிய சுரங்கத்தில் நடந்து பாருங்கள். நேராகப் போன பாதை காரணமே இல்லாமல் திரும்பி வைரத்தில் முட்டி, மறுபடி திரும்பி அடுத்த வைரத்தில் முட்டினால் அது ஆதாரம். ஒருநாள் நிறைய வைரம் கிடைத்தது என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

இனி இந்த நிலத்துக்கே உரிய சிக்கல். சண்டையின் நடுவே இணைப்பைத் துண்டித்து ஓடுவதைக் காம்பட் லாக் என்பார்கள். அடிபட்ட 15 நொடிக்குள் வெளியேறினால் கையிலிருந்ததெல்லாம் கீழே விழும் என்று பிளக்இன் வைப்பது வழக்கம். ஆடி மழையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு மட்டையை லைனில் போட்டால் போதும், கரண்ட் போய்விடும். தமிழ்நாட்டுப் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை. வைஃபை போனவனைக் கோழை என்று தண்டிப்பது நியாயமில்லை. சர்வர் லாகை (நடந்ததெல்லாம் பதியும் கோப்பு) திறந்து அந்த நிமிடத்தைப் பாருங்கள். அதே ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால் அது மின்தடை. பொருளைத் திருப்பிக் கொடுங்கள். அவன் மட்டும் விழுந்து, அரை நிமிடத்தில் திரும்பி வந்து, இதே மாதிரி மூன்றாவது முறை என்றால் அது பழக்கம்.

'பறக்கிறான்' என்று சர்வரே ஒருவரை வெளியே தள்ளுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பில் 'அலவ் ஃப்ளைட்' (பறக்க அனுமதி) ஃபால்ஸ் என்பதே இயல்பு நிலை. சிக்னல் தடுமாறும்போது சில நொடி காற்றில் நிற்பதாகச் சர்வர் கணக்கிட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் விளையாடும் பிள்ளையைத் தூக்கி வெளியே போட்டுவிடும். அந்தச் செய்தியை மட்டும் வைத்து ஹேக்கர் என்று பட்டம் கட்டுவது தவறு. ஏமாற்றுவதைப் பிடிக்கத் தனிப் பிளக்இன் வைத்துவிட்டு, இந்த வரியை ட்ரூ ஆக்குவதே நல்லது.

ஐபி தடையைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒருவன் கல்லெறிந்தான் என்று தெருவையே பூட்டுவது போல, சம்பந்தமில்லாத பலர் வெளியே நிற்பார்கள். தடை செய்யப்பட்டவனோ ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்து வேறு ஐபியில் வந்துவிடுவான்.

பேச்சுக்கான விதியை இங்கே தனியாக யோசித்து எழுத வேண்டும். சாட்டில் தமிழும் மலையாளமும் ஆங்கில எழுத்தில்தான் ஓடும். கெட்ட வார்த்தை வடிகட்டியில் 'பட்டி'யை (மலையாளத்தில் நாய்) சேர்த்தால் மலையாள வசவு நிற்கும்; கூடவே உசிலம்பட்டியும் ஆண்டிப்பட்டியும் பாட்டி வீடும் நின்றுபோகும். தானியங்கி வடிகட்டியைச் சந்தேகத்துக்கே இடமில்லாத சில சொற்களோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை இரு மொழியும் தெரிந்த ஒரு மாடரேட்டரிடம் விடுங்கள். இரு மொழியும் தெரியாதவரை இந்தப் பகுதியில் மாடரேட்டராக வைக்கவே கூடாது. எந்தெந்தப் பேச்சு கூடாது என்பதை வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். தமிழனைப் 'பாண்டி' என்பதும், மலையாளியை மாநிலம் சொல்லி இழிப்பதும், சாதிப் பெயரைக் கேட்பதும், ஆழியாறு தண்ணீரையோ முல்லைப் பெரியாறையோ வைத்துச் சீண்டுவதும் தோற்ற கடுப்பில் வரும் வசவுக்கு ஒரு படி மேல். தோற்ற கடுப்புக்கு அரை மணி நேர மியூட் போதும். சாதியையும் இனத்தையும் இழுத்தால் முதல் முறையே 7 நாள் வெளியே. இதில் எச்சரிக்கை கொடுத்து இழுத்தடித்தால், இழிக்கப்பட்ட பிள்ளைதான் சத்தமில்லாமல் சர்வரை விட்டுப் போகும்.

நாள் கணக்கில் தண்டனை என்கிறோம், ஆனால் மைன்கிராஃப்டின் சொந்தத் தடைக் கட்டளையில் கால அளவு கிடையாது. தடையை நீக்கும் 'பார்டன்' கட்டளை கொடுக்கும்வரை தடை நிற்கும். மறதியில் ஒரு வாரம் ஒரு வருடமாகிவிடுகிறது. எசென்ஷியல்ஸ்எக்ஸ் பிளக்இனின் டெம்ப்பேன் (தற்காலிகத் தடை) போட்டால் நாள் முடிந்ததும் தானாக விலகும். தடைக்கான காரணத்தில் 'ரூல் பிரேக்' என்று எழுதாமல் எந்த விதி, எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுதுங்கள். மேல்முறையீட்டை, தடை போட்டவர் அல்லாத இன்னொருவர் பார்க்க வேண்டும். இருபது பேர் சர்வரானாலும் இதற்கு இரண்டாவது ஆள் கிடைக்காமல் போகாது.

மாடரேட்டருக்கு ஓபி (சர்வர் கட்டளைகளைப் போடும் அதிகாரம்) கொடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கிக், பேன் செய்ய ஓபியில் 3-ஆம் நிலை வேண்டும். ஆனால் 2-ஆம் நிலையிலேயே கிரியேட்டிவுக்கு (எல்லாப் பொருளும் தோண்டாமலே கிடைக்கும் நிலை) மாறவும் வேண்டிய பொருளை வரவழைக்கவும் முடியும். ஒழுங்கு பார்க்க வைத்த ஆளின் கையில் வைரக் கடையையும் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் தொடவே இல்லையென்றாலும் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். அதிகாரங்களைப் பிரித்துக் கொடுக்கும் லக்பெர்ம்ஸ் பிளக்இன் வைத்து மியூட், கிக், தற்காலிகத் தடை, பதிவு பார்த்தல் ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். ஓபி பட்டியலில் ஒருவர், அதிகம் போனால் இருவர்.

காசு விஷயம் சுருக்கமாக. சர்வர் வாடகைக்குப் பங்கு போடலாம். ஜிபே அனுப்பினால் வாள் தருகிறேன், கவசம் தருகிறேன் என்பது மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங்கின் விதிக்கே எதிரானது. விளையாட்டில் மற்றவர்மேல் சாதகம் தரும் எதையும் விற்கக் கூடாது. நுழைவுக் கட்டணம் வாங்கி ஜெயித்தவனுக்குக் காசு கொடுக்கும் போட்டி அதைவிட ஆபத்து. 2025-இல் வந்த மத்தியச் சட்டம் இணையப் பண விளையாட்டு நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பரிசு வேண்டுமென்றால் கட்டணம் வாங்காமல் கொடுங்கள்.

கடைசியாக, எந்தத் தடையாலும் முடிந்துவிடாத ஒரு மீறல். பெரியவர் ஒருவர் சிறு பிள்ளையைத் தனிச் சாட்டுக்கு அழைக்கிறார். இலவச நைட்ரோ (டிஸ்கார்டின் கட்டணச் சேவை), ஸ்கின் (விளையாட்டில் ஆளின் தோற்றம்) தருவதாகச் சொல்லி வயது, பள்ளி, புகைப்படம் கேட்கிறார். வீட்டில் சொல்லாதே என்கிறார். பெரும்பாலான மாடரேட்டர்கள் ஆளைத் தடை செய்து, சாட்டை அழித்து, 'பிரச்சினை தீர்ந்தது' என்கிறார்கள். அழித்தது ஆதாரத்தை. ஆள் வேறு சர்வருக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். முதலில் பயனர் பெயர், கணக்கின் அடையாள எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சர்வர் லாகின் நகலை எடுத்து வையுங்கள். அதன் பிறகு தடை செய்யுங்கள். பிள்ளையின் ஆபாசப் படம் ஏதாவது இருந்தால் அதை நகலெடுக்காதீர்கள், விசாரிப்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததென்று தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சர்வரை நடத்துவதே பதினேழு வயதுப் பையன் என்றால் அவன் தனியாக இதைச் சுமக்கக் கூடாது. அன்றே ஒரு பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ காட்ட வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் 'நீ ஏன் பதில் போட்ட' என்று கேட்காதீர்கள்; அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அடுத்த பிள்ளை சொல்லாமல் இருக்கும்.

பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. இணையப் பண மோசடிக்கு 1930. எல்லையான வாளையாருக்கு எந்தப் பக்கம் இருந்து அழைத்தாலும் இதே எண்கள்தான். டிஸ்கார்டில் விதிகளைப் பின் செய்து வைத்திருக்கும் பதிவில், முதல் விதிக்கும் மேலே, பொறுப்பேற்ற ஒரு பெரியவரின் பெயரோடு இவ்விரண்டையும் போட்டு வையுங்கள்.