இலங்கைத் தமிழருக்கு 2025 விலக்கு ஆணை: எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை

‘அகதி’ என்ற சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். ஆனால் அகதி என்பவருக்குத் தனி இடம் கொடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டத்துக்குத் தெரிந்தவர்கள் குடிமக்களும் வெளிநாட்டவரும் மட்டுமே. 1983 கலவரத்துக்குப் பின் கைக்குழந்தையோடு படகேறி வந்தவரும் திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவரும் ஏட்டில் ஒரே பெயர்தான் பெறுகிறார்கள்: சட்டவிரோதக் குடியேறி. விலக்கு ஆணையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2025 செப்டம்பர் 1 அன்று குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களின் இடத்தை இது எடுத்துக்கொண்டது. உரிய பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தோடு வந்ததுதான் விலக்கு ஆணை. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, ஆவணம் இல்லை என்பதற்காக அந்தத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. மைத்ரிபால சிறிசேன இலங்கை அதிபராகப் பதவியேற்ற நாளும் அதுவே.

‘பதிவு செய்துகொண்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்கும், வெளியே வீடெடுத்துக் காவல் நிலையத்தில் பதிந்திருப்பவர்களுக்கும் பதிவுச் சான்றுதான் உயிர். அது தொலைந்திருந்தாலோ பெயரில் பிழை இருந்தாலோ இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

இனி, கிடைக்காதது. சிறைக்கு அனுப்பமாட்டோம் என்கிறது ஆணை. குடிமகனாக ஏற்கிறோம் என்று சொல்லவில்லை. குடியுரிமை 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விஷயம். 2003 திருத்தம் அதில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையைச் சேர்த்து, அப்படிப்பட்டவர் பதிவின் மூலமாகவோ நீண்டகால வசிப்பின் மூலமாகவோ குடியுரிமை கேட்கும் வழியை அடைத்தது. எனவே நாற்பது ஆண்டு வாழ்ந்தாலும் அது கணக்கில் சேராது. 2019 திருத்தம் சிலருக்கு அந்த முத்திரையை நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, குறிப்பிட்ட சில மதத்தினருக்கு மட்டும். இந்துக்களும் கிறித்தவர்களும் மதப் பட்டியலில் இருக்கிறார்கள். நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. பாக் நீரிணையைக் கடந்து வந்தவர்களை மறந்த சட்டம் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

பலரும் கவனிக்காத வாசல் ஒன்று உண்டு: பிறந்த தேதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1983க்குப் பின் வந்த குடும்பங்களில் இந்த இடைவெளிக்குள் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். பிறப்புச் சான்றிதழ் ஒன்றே அவருடைய வழக்கின் முதுகெலும்பு.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுகியது: ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. படகில் வந்து முகாமில் வளர்ந்த பெண்ணை உள்ளூர் இளைஞர் மணந்து 2006இல் பிள்ளை பெற்றால், தந்தை வாக்காளர், பிள்ளை வெளிநாட்டவர். அதே பிள்ளை இரண்டரை ஆண்டு முன்னதாகப் பிறந்திருந்தால் சிக்கலே இல்லை.

தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் கதை வேறு. இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த மரபில் வந்து, கலவரத்தால் படகில் வர நேர்ந்தவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள். 2019 ஜூனில் இவர்களில் 65 பேரின் மனுவை விசாரித்த மதுரைக் கிளை, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு வழிவிட்டது. பூர்விகத்தைக் காட்டும் பழைய தாள் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

மாநில அரசின் உதவிக்கும் இந்த ஆணைக்கும் தொடர்பில்லை. 2021இல் உயர்த்தப்பட்டபடி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்பது தமிழ்நாடு அரசு தருவது.

ஆணையில் இடம்பெறாதவர்கள், 2022 மார்ச் முதல் பொருளாதார நெருக்கடியால் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் வந்து இறங்கியவர்கள். அவர்களையும் மண்டபம் முகாமில்தான் தங்கவைத்தார்கள். பக்கத்து வீட்டில் 1990இல் வந்த குடும்பம் இருக்கலாம். அந்தக் குடும்பம் பதிவு பெற்றிருந்தால் ஆணை அதைக் காக்கும். 2022இல் வந்தவர்களுக்கு 2015 ஜனவரி 9 என்ற தேதி கதவைச் சாத்திவிட்டது.