ப்ரீசெட், கேப் சிம்: ரெண்டுக்கும் தமிழ்ல இன்னா சொல்றது?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கிடார் வாசிக்கிற பசங்க நிறைய பேரு இப்ப ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெருக்கற மெஷின்) தூக்கிக்கினு போறதில்ல, சர்ச் கொயரா இருந்தாலும் திருவிழா கச்சேரியா இருந்தாலும் ஒரு மாடலரை (ஆம்ப், பெட்டி, எஃபெக்ட் சத்தத்தையெல்லாம் தானே உண்டாக்கற சின்ன மெஷின்) பேகுல போட்டுக்கினு போயி நேரா மிக்சர்ல சொருகிடறாங்க. அவங்க பேச்சுல தினம் வர்ற ரெண்டு சொல்லு ப்ரீசெட், கேப் சிம் (கேபினெட் சிமுலேஷன்). ரெண்டையும் சேத்து "டோன்"னு ஒரே வார்த்தையில சொல்லிடறதால எது எங்க இருக்குன்றது குழம்பிப் போவுது, அதனால தனித்தனியா பிரிச்சு எழுதறேன்.

மொதல்ல ப்ரீசெட். ப்ரீ-ன்றது லத்தீன்லருந்து வந்த முன்னொட்டு, முன்னாடின்னு அர்த்தம். செட்-ன்னா வைக்கிறது, அமைக்கிறது. அதாவது வாசிக்கறதுக்கு முன்னாடியே அமைச்சு வெச்சது. எலக்ட்ரானிக் இசையில இது ரொம்பப் பழைய சங்கதி, 1935-ல வந்த ஹேமண்ட் ஆர்கன்லயே இடது ஓரத்துல கறுப்பு வெள்ளை நிறத்தை மாத்திப் போட்ட கட்டைங்க இருக்கும், அதை அழுத்தினா சத்தம் வராது, அமைச்சு வெச்ச வேற ஒரு ஒலிக்கலவைக்கு ஆர்கன் மாறும். அப்பால 1978-ல ப்ராஃபெட்-5 சிந்தசைசர் (மின்சாரத்துல சத்தம் உண்டாக்கற கீபோர்டு) வந்துச்சு, குமிழ் எல்லாம் எந்த இடத்துல இருக்குன்றதை தானே ஞாபகம் வெச்சுக்கும், மொத்தம் 40 இடம். அதுக்கு முந்தின பெரிய சிந்தசைசர்ல ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒயரை புடுங்கிப் புடுங்கி மாத்தி சொருகணும், அந்த ஒயருக்கு பேட்ச் கார்டுன்னு பேரு, இன்னிக்கும் ப்ரீசெட்டை "பேட்ச்"னு சொல்றது அதுலருந்து வந்ததுதான்.

தமிழ்ல இதுக்கு முன்னமைவு. கலைச்சொல்லுன்னாலே வாயில நுழையாதுன்னு சிலர் சொல்வாங்க, ஆனா இது இங்கிலீஷ் சொல்லை விடவே தெளிவா இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா உள்ள இருக்கறது அமைவு மட்டும்தான், சத்தம் இல்ல. எந்த ஆம்ப் மாடல், கெயின் எவ்ளோ, பேஸ் ட்ரெபிள் எவ்ளோ, டிலே (எதிரொலி) எத்தனை மில்லி செகண்டு, எது முன்னாடி எது பின்னாடின்னு வெறும் நம்பருங்க. டெய்லர் நோட்டுல நம்ம அளவு இருக்கும், துணி இருக்காது இல்லையா, அந்த மாதிரி. அதனாலதான் கேக்க அவ்ளோ பெரிய சவுண்டா இருக்கற ஒரு முன்னமைவு ஃபைலா பார்த்தா சின்னதா இருக்கும்.

சேமிக்கறதுல ஒண்ணு கவனிக்கணும். நீங்க குமிழைத் திருப்பும்போது மாறுறது தற்காலிக மெமரியில மட்டும்தான். சேவ் அழுத்தாம அடுத்த நம்பருக்குப் போயிட்டு திரும்பி வந்தீங்கன்னா பெரும்பாலான மெஷின்ல பழையபடிதான் இருக்கும். ஸ்டோர்-ன்ற பட்டனுக்கு சேமிப்பு, ரீகால்-க்கு மீட்பு, இதுக்கு மேல புதுசா சொல்லு தேட வேண்டியதே இல்ல. மிடி (இசை மெஷினுங்க ஒண்ணுக்கொண்ணு கட்டளை அனுப்பிக்கற முறை) வழியா காலால மாத்தறவங்களுக்கு இன்னொண்ணு, மிடியில ப்ரோக்ராம் சேஞ்சு-ன்ற முன்னமைவு மாத்தற கட்டளைக்கு 128 நம்பர், சில மெஷின் 0-லருந்து எண்ணும், சிலது 1-லருந்து எண்ணும், 5 கேட்டா 6 வருதேன்னு நிக்கறவங்க மொதல்ல பாக்க வேண்டியது அதைத்தான்.

இப்ப கேப். கேபினெட்-ன்றது ஃபிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல்லு, சின்ன அறைன்னு அர்த்தம். ராஜா தன்னோட தனி அறையில நாலு பேரைக் கூப்பிட்டு ஆலோசனை பண்ணதால அமைச்சரவைக்கும் அதே பேரு ஆச்சு, சாமான் வைக்கற அலமாரிக்கும் அதே பேரு ஆச்சு. ஸ்பீக்கர் வெச்ச மரப்பெட்டி அந்த ரெண்டாவது வழியில வந்தது. சிலர் "ஒலிபெருக்கி அலமாரி"ன்னு எழுதறாங்க, எனக்கு அது ஒட்டவே இல்ல. நம்மகிட்ட சுருதிப்பெட்டி இருக்கு, ஆர்மோனியப் பெட்டி இருக்கு, சவுண்டு சர்வீஸ்காரங்களும் "பெட்டிய இறக்கு"ன்னுதான் சொல்றாங்க. அப்ப கேபினெட்டுக்கு பெட்டிதான் சரி. சிமுலேஷன்-க்கு உருவகப்படுத்தல்னு போடறதும் வேணாம், உருவகம்னா தமிழ் படிச்சவங்களுக்கு அணி இலக்கணம்தான் ஞாபகம் வரும். பாவனைன்னா சின்னப் பிள்ளைக்கும் புரியும். கேப் சிம்-ன்னா பெட்டிப் பாவனை.

இது ஏன் வேணும்னா, கிடாருக்குன்னு இருக்கற 12 இன்ச் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்தை வேகமா குறைச்சிடும். டிஸ்டார்ஷன் (சத்தத்தை வேணும்னே சிதைக்கறது) போட்டா அதுக்கு மேல கரகரன்னு ஏகப்பட்டது உண்டாகும், பெட்டி அதை அடக்கிடும், நாம காலங்காலமா கேட்டுப் பழகின ராக் கிடார் சத்தம் அந்த அடக்கத்தோட சேர்ந்ததுதான். மேடையில கூட்டத்துக்குக் கேக்க வெச்சிருக்கற பிஏ ஸ்பீக்கர் அப்படி எதையும் அடக்காது, எல்லாத்தையும் வெளிய விட்டுடும். 1982-ல பாஸ்டன்-ன்ற ராக் பேண்டோட கிடாரிஸ்ட் டாம் ஷோல்ஸ் கொண்டுவந்த ராக்மேன்-ன்ற ஹெட்ஃபோன் ஆம்ப்ல பெட்டி மாதிரி அடக்கறதுக்கு ஃபில்டர் சர்க்யூட் இருந்துச்சு. இப்ப பெரும்பாலும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமா ஐஆர். நிஜப் பெட்டி முன்னாடி மைக்க வெச்சு கீழ் ஸ்தாயிலருந்து மேல் ஸ்தாயி வரைக்கும் ஒரு சத்தத்தை ஓட்டிப் பதிவு பண்ணி, அதுலருந்து கணக்குப் போட்டு அந்தப் பெட்டியோட குணத்தை ஒரு குட்டி ஆடியோ ஃபைலா எடுக்கறாங்க. 48,000 சாம்பிள் வேகத்துல 2,048 சாம்பிள் நீளம்னா வெறும் 43 மில்லி செகண்டுதான். மைக்கு ஸ்பீக்கர் கோனோட (அதிர்ற கூம்பு) நடுவுல இருந்துச்சா ஓரத்துல இருந்துச்சான்றது கூட அதுல பதிஞ்சிருக்கும், நடுவுன்னா பளிச்சுனு, ஓரம்னா மந்தமா. ஸ்பீக்கரை ரொம்ப சத்தமா ஓட்டும்போது அது நெளியுது பாருங்க, அது மட்டும் ஐஆர்ல வராது.

தமிழ்ல ஐஆர்? இம்பல்ஸ்-க்கு நம்ம இயற்பியல் புத்தகத்துல கணத்தாக்கு, ரெஸ்பான்ஸ்-க்கு துலங்கல். கணத்தாக்குத் துலங்கல். நீளம்தான், ஆனா ஒரு கணம் தட்டினா பெட்டி எப்படி பதில் சொல்லுதுன்ற விஷயம் முழுசா அதுக்குள்ள இருக்கு. எழுத்துல இதை வெக்கலாம், மேடையில ஐஆர்னே சொல்லிக்கலாம்.

ரெண்டு சொல்லையும் பிரிச்சுப் பாக்கணும்னு நான் இவ்ளோ தூரம் சொல்றதுக்குக் காரணம், பல மாடலர்ல முன்னமைவு ஐஆரை தனக்குள்ள வெச்சுக்கறதில்ல, "14-ம் இடத்துல இருக்கற ஐஆர்"னு குறிப்பு மட்டும்தான் வெச்சிருக்கும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா சமயத்துல ஒரு மேடை, தெரிஞ்ச தம்பி ஒருத்தனோட மெஷின் பவர் ஏறல, அதே மாடல் இன்னொருத்தர்கிட்ட வாங்கி முன்னமைவை ஏத்திட்டான். டிலே வந்துச்சு, ஆம்ப் வந்துச்சு, ஆனா சத்தம் காதைக் குத்துது. மிக்சர்ல இருந்த அண்ணன் ட்ரெபிளை முழுக்க இறக்கிப் பாத்துட்டாரு, ஒண்ணும் ஆவல. "இன்னாண்ணா, அதே பேட்ச்தானே?"ன்னு அவன் கேக்கறான். அந்த மெஷின்ல 14-ம் இடம் காலி! மெஷின்லயே கம்பெனி போட்டுக் குடுத்த பெட்டிப் பாவனை ஒண்ணை மாத்தி வெச்ச உடனே சரியாச்சு.

அதே மாதிரி நிஜ கிடார் பெட்டிக்குப் போறப்ப பாவனையை ஆஃப் பண்ணணும், இல்லன்னா பெட்டி மேல பெட்டி வெச்ச கணக்கா ரெண்டு தடவை அடங்கி சத்தம் மூடிக்கும். மிக்சருக்கும் பெட்டிக்கும் ஒண்ணா போவுதுன்னா, மிக்சருக்குப் போற லைன்ல மட்டும் பாவனை இருக்கற மாதிரி பல மெஷின்ல பிரிச்சு விடலாம். யாருக்காவது முன்னமைவு அனுப்பறீங்கன்னா ஐஆர் ஃபைலையும் கூடவே அனுப்பிடுங்க, எந்த நம்பர்ல போடணும்னும் எழுதிடுங்க.