40 பைட்டுக்கு வந்த வினை

ஒசாகாவில் காலை 9 மணி என்றால் பெங்களூரில் 5:30. அல்சூர் தெருக்களில் பால் வண்டி மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எனக்கு போன் வந்தால் அது எங்கள் ஒசாகா கிளையில் இருக்கும் திண்டுக்கல் தம்பிதான்.

"அண்ணே, லாகின் பக்கம் வருது. உள்ளயும் போயிடுறேன். ஃபைல் ஏத்தினா மட்டும் அப்படியே நிக்குது. பத்து கேபி ஃபைல்கூட போக மாட்டேங்குது."

முந்தின நாள்தான் அங்கே பிராட்பேண்ட் லைனை மாற்றியிருந்தார்கள். புது லைனில் ஐபிவி6 மட்டும்தான் ஓடும். இணையத்தில் முகவரி போட்டுத் தரவை அனுப்பும் விதிமுறையின் புதுப் பதிப்பு அது, பழையது ஐபிவி4. பழைய ஐபிவி4 போக்குவரத்தை அங்குள்ள ஃபயர்வால், அதாவது அலுவலக வாசலில் போக்குவரத்தைச் சோதிக்கும் பெட்டி, ஒரு டன்னல் போட்டு அதற்குள் அனுப்ப வேண்டும்.

"டன்னலுக்கு எம்டியு எவ்வளவு வச்சிருக்கே?"

"1500 தாண்ணே. எப்பவும் வைக்கிறதுதானே?"

எம்டியு என்றால், தரவு பயணிக்கும் ஒரு பொட்டலம், அதாவது பாக்கெட், அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற வரம்பு. கோளாறு அங்கேதான். ஆனால் அது ஏன் கோளாறு என்று புரிய, டன்னல் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

இன்றும் நாம் பயன்படுத்தும் ஐபிவி4 விதிகள் 1981-இல் எழுதப்பட்டவை. அதன் முகவரிக்கு 32 பிட். மொத்தம் 429 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பில் கடைசியாக இருந்த முகவரித் தொகுப்புகளை 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுத்தாயிற்று. ஐபிவி6-இல் முகவரி 128 பிட். அங்கே இடத்துக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் என்னவென்றால், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. ஐபிவி4 மட்டும் தெரிந்த ஒரு சர்வரோடு ஐபிவி6 மட்டும் தெரிந்த கணினி நேராகப் பேச முடியாது.

புதிதாக வலையமைப்பு கட்டும் நிறுவனத்துக்கு உள்ளே ஐபிவி6 மட்டும் ஓடினால் நிம்மதி. இரண்டையும் ஓட்டினால் அமைப்பு வேலையும் இரண்டு, பழுது பார்ப்பதும் இரண்டு. ஆனால் வாடிக்கையாளர் பழைய தளங்களுக்கும் போயாக வேண்டுமே.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க பெங்களூருக்குப் பக்கத்து நெலமங்கலா போதும். 2020 ஆகஸ்டில் அங்கிருந்து சோலாப்பூர் பக்கத்து பாலே வரை ரோ-ரோ ரயில் விட்டார்கள். சரக்கு ஏற்றிய லாரியை டிரைவரோடு அப்படியே ரயிலின் தட்டை வேகனில் ஏற்றிவிடுவார்கள். லாரிக்குள் வெங்காயமா இரும்பா என்று தண்டவாளத்துக்குக் கவலை இல்லை. சோலாப்பூரில் இறங்கியதும் லாரி தன் சக்கரத்தில் தன் வழியே போகும்.

ஃபயர்வால் செய்வதும் இதுதான். அலுவலகக் கணினி ஓர் ஐபிவி4 பாக்கெட்டை அனுப்புகிறது. ஃபயர்வால் அதைப் பிரிக்காமல், மாற்றாமல், முன்னால் 40 பைட் நீளமுள்ள ஓர் ஐபிவி6 ஹெடரை, அதாவது முகவரிச் சீட்டை, ஒட்டுகிறது. அனுப்புநர் இடத்தில் தன்னுடைய ஐபிவி6 முகவரி, பெறுநர் இடத்தில் இணைய நிறுவனத்தின் எதிர்முனைப் பெட்டியின் முகவரி. 'உள்ளே என்ன' என்று சொல்லும் கட்டத்தில் 4 என்ற எண். நடுவில் இருக்கும் ரூட்டர்கள் மேல் ஹெடரை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும். எதிர்முனையில் மேலுறையைக் கழற்றினால் பழைய பாக்கெட் அப்படியே இருக்கும், அங்கிருந்து ஐபிவி4 இணையத்துக்குள் போய்விடும்.

டன்னல் என்றவுடன் ரகசியப் பாதை என்று நினைப்பவர்கள் நிறைய. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. மறையாக்கம் இல்லை, வழியில் பார்ப்பவர் உறையைப் பிரித்துப் படிக்கலாம். மறையாக்கித் தரவை அனுப்பும் விபிஎன் வேறு, இது வேறு. ஃபயர்வால் விதிகள் எழுதும்போதும் இதை மறக்கக் கூடாது. மேலுறையை மட்டும் சோதித்தால் எல்லாப் போக்குவரத்தும் ஒரே முகவரிக்குப் போவதாகத்தான் தெரியும். சோதனையை டன்னல் வாயிலில், உள்ளே இருக்கும் பாக்கெட் மீது வைக்க வேண்டும்.

இப்போது தம்பியின் 1500-க்கு வருவோம். ரோ-ரோ வேகனில் ஏற்றும் லாரிக்கு உயர வரம்பு உண்டு. வேகனின் உயரமும் சேர்ந்துவிடுகிறதல்லவா, மேலே இருக்கும் பாலத்தில் இடிக்கக் கூடாது. ஈதர்நெட் கம்பியில் அந்த வரம்பு 1500 பைட். அதில் 40 உறைக்குப் போய்விட்டால், உள்ளே வைக்க 1460-தான் மிச்சம். தம்பி டன்னலுக்கும் 1500 என்று எழுதிவிட்டதால் ஃபயர்வால் முழு அளவு பாக்கெட்டை வாங்கி, உறை போட்டு, 1540 ஆக்கி, அது கம்பிக்குள் போகாது என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டது. டன்னல் வாசலில் நிற்கும் பெட்டி உறையைத் துண்டு போட்டு அனுப்பலாம், அதற்கு விதியில் இடமுண்டு. எங்கள் பெட்டி போடவில்லை. அதைத் தாண்டிவிட்டால் ஐபிவி6-இல் நடுவழி ரூட்டர் எதுவும் துண்டு போடாது.

லாகின் மட்டும் எப்படி வேலை செய்தது? பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சில நூறு பைட்தான், தாராளமாக நுழையும். பெரிதாகத் திரும்பி வரும் பக்கத்தை எதிர்முனைப் பெட்டி துண்டு போட்டு அனுப்பிவிட்டது. ஃபைல் ஏற்றும்போதுதான் நம் பக்கத்திலிருந்து பாக்கெட்டுகள் முழு அளவில் கிளம்பும். அதனால்தான் இந்தப் பழுது ஆளை ஏமாற்றும். எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் போகிறது, பக்கம் வருகிறது, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி: பிங்கில் 'துண்டு போடாதே' என்ற குறியை வைத்து அளவை மாற்றிப் பாருங்கள். பிங்குக்கான ஹெடர்கள் 28 பைட். 1472 போகாமல் 1432 போனால், எங்கோ 40 பைட் உறை இருக்கிறது என்று அர்த்தம். தம்பிக்கும் அதுதான் வந்தது. எம்டியுவை 1460 ஆக்கச் சொன்னேன். கூடவே எம்எஸ்எஸ்-ஐ, அதாவது ஹெடர்கள் போக ஒரு பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவை, 1420-இல் கட்டச் சொன்னேன். தரவை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி இணைப்பு தொடங்கும்போது, 'எனக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு அனுப்பு' என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும். நடுவில் நிற்கும் ஃபயர்வால் அந்த எண்ணைக் குறைத்து எழுதிவிட்டால் பெரிய பாக்கெட் பிறக்கவே பிறக்காது. 'பாக்கெட் பெரிசு' என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்திகளைப் பாதுகாப்பு என்ற பெயரில் பலர் அடைத்து வைத்திருக்கும் உலகத்தில், இந்தச் சின்னத் தில்லுமுல்லுதான் பிழைப்பு.

ஃபைல் போனது. நான் காபி போடப் போனேன். 6:15-க்கு மறுபடி போன்.

"அண்ணே, சிசிடிவியை வெளியில இருந்து பார்க்க முடியலை. போர்ட் ஃபார்வர்டு பண்ணிப் பார்த்துட்டேன்."

போர்ட் என்பது ஒரு முகவரிக்குள் இருக்கும் எண்ணிட்ட கதவு, ஃபார்வர்டு என்பது வெளியிலிருந்து அந்தக் கதவுக்கு வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது. இது பைட் கணக்கு இல்லை, முகவரிக் கணக்கு. டிஎஸ்-லைட் என்ற டன்னல் முறையில், வீட்டுக்குள் இருக்கும் தனி முகவரியை இணையத்துக்கான பொது முகவரியாக மாற்றும் வேலையே வாடிக்கையாளர் வீட்டில் கிடையாது, எல்லாம் நிறுவனத்தின் எதிர்முனைப் பெட்டியில். ஆயிரம் வீட்டில் ஆயிரம் கணினிகள் 192.168.1.10 என்ற ஒரே ஐபிவி4 முகவரியோடு வந்தாலும், எந்த ஐபிவி6 முகவரியின் உறையில் வந்தது என்று பார்த்து அந்தப் பெட்டி பிரித்தறியும். அழகான யோசனைதான். ஆனால் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவருக்குக் கதவு நம் வீட்டில் இல்லை.

மேப்-இ என்ற இன்னொரு முறையில் கதவு நம் ஃபயர்வாலில்தான். ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போர்ட் கொடுப்பார்கள். யாருக்கு எந்தப் போர்ட் என்பது அவரவர் ஐபிவி6 முகவரியிலிருந்தே கணக்குப் போட்டு வந்துவிடும், நிறுவனம் பட்டியல் வைத்திருக்க வேண்டியதில்லை. ஜப்பானில் பரவலாக இருக்கும் ஒரு பங்கீட்டில் 256 வீட்டுக்கு ஒரு முகவரி, வீட்டுக்கு 240 போர்ட். நான்கு பேர் வீட்டுக்குச் சரி. இருபது பேர் அலுவலகத்தில் ஆளுக்குப் பத்து டேப் திறந்தால் மத்தியானத்துக்குள் மூச்சு முட்டும்.

நம் கைப்பேசியில் நடப்பது இந்தக் குடும்பத்தில் இன்னொரு வழி. அங்கே பெரும்பாலும் உறை போடுவதில்லை, ஹெடரையே கழற்றி ஐபிவி6 ஹெடராக மாற்றி எழுதுகிறார்கள். 20 பைட் போய் 40 வருவதால் நஷ்டம் 20-தான். போன் அமைப்பில் 192.0.0 என்று தொடங்கும் முகவரி எப்போதாவது கண்ணில் பட்டிருந்தால், அது இந்த மாற்று வேலைக்கு வைத்ததாகத்தான் இருக்கும்.

ஒசாகா கிளைக்கு எடுத்திருந்தது டிஎஸ்-லைட். கேமரா பெட்டிக்கு ஐபிவி6 முகவரி கொடுத்து, ஃபயர்வாலில் அதற்கு மட்டும் வழிவிட்டால் வேலை முடிந்தது, டன்னலே வேண்டாம் என்றேன். தம்பி கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். முகவரி எழுத அதில் நான்கே நான்கு கட்டங்கள், நடுவில் மூன்று புள்ளிகள்.